ஜெப்பர்டியா, அட்டாக்-டிஃபென்ஸா? கிருஷ்ணகிரியின் ஐந்து பேர் அணிக்கு எந்த ஹேக்கிங் போட்டி

"அக்கா, இந்த வருஷம் எந்தப் போட்டிக்குப் பேர் கொடுக்கட்டும்?" என்று காவேரிப்பட்டணத்துத் தம்பி கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஓசூரில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிருஷ்ணகிரி வந்து, நான் படித்த கல்லூரியின் ஐந்து பிள்ளைகளோடு ராயக்கோட்டை சாலையில் ஒரு மாடி அறையில் உட்காருவேன். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். நல்ல லேப்டாப் இரண்டு, சுமாரானது ஒன்று. அந்தத் தம்பிக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் இதே கேள்வியோடு இருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கல்லூரியில் "ஹேக்கிங் போட்டி" என்றாலே பலர் ஹேக்கத்தானை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. ஹேக்கத்தானில் ஒரு சிக்கலை எடுத்து, ஒன்றிரண்டு நாளில் செயலியோ கருவியோ செய்து, நடுவர்கள் முன்னால் விளக்க வேண்டும். 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நம் கல்லூரிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். நல்ல போட்டிதான். ஆனால் அங்கே யாரும் யாருடைய சர்வரையும் உடைப்பதில்லை.

நாம் பேசுவது சிடிஎஃப், அதாவது கேப்சர் தி ஃப்ளாக். ஃப்ளாக் என்பது ஒரு வரி எழுத்து. பெரும்பாலும் சுருள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஓட்டை உள்ள ஒரு புரோகிராமுக்குள்ளோ, பூட்டிய கோப்புக்குள்ளோ அதை ஒளித்து வைத்திருப்பார்கள். கண்டுபிடித்துப் போட்டித் தளத்தில் பதிந்தால் புள்ளி. லாஸ் வேகாஸில் 1993-இல் தொடங்கிய டெஃப்கான் மாநாட்டில் 1996 முதல் இது நடக்கிறது. இன்றைக்கு, போட்டிகளைப் பட்டியலிடும் சிடிஎஃப்டைம் தளத்தைத் திறந்தால் ஏறக்குறைய ஒவ்வொரு வார இறுதியிலும் ஏதாவது ஒரு போட்டி இருக்கும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. மதிப்பெண் போடுவது ஒரு புரோகிராம். ஃப்ளாக் சரியா, தப்பா என்று மட்டும்தான் அது பார்க்கும். மேடை ஏறி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேச வேண்டியதில்லை. எங்கள் அணியில் மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பி, வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே தயங்குவான். சென்ற ஆண்டு ஒரு போட்டியில் ஒரு ரிவர்சிங் கணக்கை, அதாவது புரோகிராமைப் பிரித்து அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கும் புதிரை, நள்ளிரவில் அவன் உடைத்தபோது, எங்களுக்கு மேலே இருந்த பெரிய பெரிய கல்லூரி அணிகள் பலவற்றில் அதை யாரும் தொட்டிருக்கவில்லை. இந்தக் காரணத்துக்காகவே நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஹேக்கத்தானுக்கு முன்னால் சிடிஎஃப் என்று சொல்வேன்.

சரி, எந்த சிடிஎஃப்? இரண்டு பெரிய வகை உண்டு. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் எளிது. எருது விடும் விழாவில் ஒவ்வொரு காளையும் தனித்தனியாக ஓடும். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்பதுதான் பேச்சு. ஒரு காளை இன்னொன்றை முட்டுவதில்லை. ஜெப்பர்டி வகை அப்படி. அட்டாக்-டிஃபென்ஸ் சடுகுடு. எதிர்க் களத்துக்குப் போய்த் தொட்டுவிட்டும் வர வேண்டும்; அதே நேரத்தில் நம் களத்துக்கு வருபவனைப் பிடிக்கவும் வேண்டும்.

ஜெப்பர்டியில் ஒரு பலகை நிறையக் கணக்குகள் இருக்கும். இணையதள ஓட்டைகளுக்கு வெப், ரகசியக் குறியீட்டுக்குக் கிரிப்டோ, ரிவர்சிங், கோப்புகளில் தடயம் தேடும் ஃபோரன்சிக்ஸ், மெமரி ஓட்டைகளைப் பிடிக்கும் 'போன்' (pwn) என்று பிரிவுகள். பெரும்பாலும் 24 மணி நேரம், சில 36, சில 48. எல்லாக் கணக்கும் ஒரே புள்ளியில் தொடங்கி, தீர்ப்பவர்கள் கூடக் கூட இறங்கும் முறை இப்போது வழக்கம். 500-இல் தொடங்கியது எல்லோரும் தீர்த்துவிட்டால் 50-க்கும் வந்து நிற்கும். எது கடினம் என்பதைப் போட்டியாளர்களே தீர்மானிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இது எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். எங்கள் பாலக்கோட்டுப் பெண் முதன்முதலாகத் தீர்த்த கிரிப்டோ அது. ஆர்எஸ்ஏ என்னும் ரகசியக் குறியீட்டு முறையில் ஒரு செய்தியைப் பூட்டியிருந்தார்கள். செய்தியை ஒரு எண்ணாக்கி, மும்மடி எடுத்து, ஒரு பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொடுத்திருந்தார்கள். வகுக்கும் எண் 2048 பிட். அதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கத்தான் எல்லோரும் முதலில் ஓடுவார்கள், நடக்காத காரியம். அவள் பஸ்ஸில் வரும்போதே நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அளவு பார்த்திருக்கிறாள். ஃப்ளாக் ஏறக்குறைய 30 எழுத்து என்றால் 240 பிட். மும்மடி எடுத்தால் 720 பிட். 2048 பிட் எண்ணால் 720 பிட் எண்ணை வகுத்தால் மீதி எது? அதே எண்தான். அப்படியானால் பூட்டே இல்லை. கனமூலம் எடுத்தால் போதும்.

அறைக்கு வந்து பைத்தானில் மூன்றில் ஒரு பங்கு அடுக்குப் போட்டாள். ஃப்ளாக்கின் முதல் ஐந்து எழுத்து சரியாக வந்தது. அதற்குப் பிறகு வெறும் குப்பை. "அக்கா, வழி சரி, ஆனா ஏன் பாதியில நிக்குது?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவளே பிடித்துவிட்டாள்: தசமப் புள்ளி எண்ணாகக் கணக்குப் போட்டால் முன்பக்கத்து ஒரு சில இலக்கங்கள்தான் துல்லியமாக இருக்கும், முழு எண்ணாகவே கனமூலம் எடுக்க வேண்டும். இரண்டு எல்லைக்கு நடுவே பாதி பாதியாக நெருங்கிப் போகும் பழைய முறையில் பத்து வரி எழுதினாள். வந்துவிட்டது. அந்த இரண்டு பாடத்தையும் அவள் இனி மறக்க மாட்டாள்.

ஜெப்பர்டியின் பலம் இதுதான். ஒருவர் ஒரு கணக்கோடு எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். பஸ்ஸில் யோசிக்கலாம். கரண்ட் போனால் ஒரு மணி நேரம் கழித்துத் தொடரலாம். மொபைல் ஹாட்ஸ்பாட் போதும். முடிந்த மறுநாளிலிருந்து உலகம் முழுக்க இருப்பவர்கள் தாங்கள் தீர்த்த வழியை எழுதிப் போடுவார்கள், ரைட்டப் என்பார்கள். நம்மால் முடியாத கணக்குக்கு மூன்று பேர் எழுதிய ரைட்டப்பைப் படித்துத் திரும்பச் செய்து பார்ப்பதில்தான் உண்மையான படிப்பே இருக்கிறது. போட்டிக்கு ஒரு நாள் கொடுத்தால் ரைட்டப்புக்கு இரண்டு நாள் கொடுங்கள்.

குறையும் உண்டு. ஐந்து பேர் ஐந்து மூலையில் உட்கார்ந்து ஐந்து கணக்கு போடுவார்கள். ஸ்கோர்போர்டில் அணியின் பெயர் ஏறும், அணி உருவாகியிருக்காது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஆறு மாதம் சேர்ந்து விளையாடிய பிறகும், வெப் போடுகிறவனுக்குக் கிரிப்டோ போடுகிறவள் என்ன செய்கிறாள் என்று தெரியாது. இன்னொன்று, எளிய கணக்குகளை இப்போது ஏஐயிடம் கொடுத்தாலே விடை வந்துவிடுகிறது. அதனால் தொடக்கநிலைப் போட்டிகளில் நம் இடம் எத்தனை என்பதை வைத்து நம் திறமையை அளக்க முடியாது. எங்கள் அறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: கணக்கு கிடைத்த முதல் இரண்டு மணி நேரம் ஏஐ கிடையாது.

இனி சடுகுடு. அட்டாக்-டிஃபென்ஸில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி ஒரு சர்வர். அதில் நாலைந்து சேவைகள் ஓடும். குறிப்பு எழுதி வைக்கும் தளம், கடை, சாட் என்று ஏதாவது. எல்லாவற்றிலும் வேண்டுமென்றே ஓட்டை வைத்திருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு மணி நேரம் போல நெட்வொர்க் மூடியிருக்கும். அதற்குள் நம் சர்வரைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு திறந்துவிடுவார்கள். அதன் பின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நடத்துபவர்களின் சர்வர் வந்து, ஒவ்வொரு அணியின் ஒவ்வொரு சேவையிலும் புது ஃப்ளாக்கை வைத்துவிட்டுப் போகும். அந்த ஒரு சுற்றுக்கு டிக் என்று பெயர். பிறர் சர்வரிலிருந்து ஃப்ளாக்கை எடுத்தால் புள்ளி. நம்முடையது திருடு போனால் இழப்பு. மூன்றாவதாக, நம் சேவை ஒழுங்காக ஓடுகிறதா என்று செக்கர் என்னும் புரோகிராம் ஒவ்வொரு டிக்கிலும் வாடிக்கையாளர் போல வந்து பார்க்கும். ஓடவில்லை என்றால் அதற்கும் புள்ளி போகும்.

இந்த மூன்றாவதில்தான் நாங்கள் அடி வாங்கினோம். எங்கள் முதல் அட்டாக்-டிஃபென்ஸ். குறிப்பு எழுதி வைக்கும் சேவையில், உள்ளீட்டோடு கட்டளையைக் கலந்து டேட்டாபேஸை ஏமாற்றும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் இருப்பதைக் காரிமங்கலத்துப் பையன் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். சந்தோஷத்தில், மேற்கோள் குறி இருக்கும் எந்த உள்ளீட்டையும் திருப்பி அனுப்பும்படி ஒரு வரி போட்டான். தாக்குதல் நின்றது. இரண்டு டிக் கழித்து ஸ்கோர்போர்டில் எங்கள் கட்டம் பச்சையிலிருந்து மஞ்சள் ஆனது. சேவை இருக்கிறது, ஆனால் தப்பாக நடக்கிறது என்று அர்த்தம். ஏன் என்று புரியவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. செக்கர் கொண்டுவந்து எழுதும் சாதாரண ஆங்கில வாக்கியங்களில் மேற்கோள் குறி இருந்தது! நல்ல வாடிக்கையாளரையும் சேர்த்து வாசலிலேயே தடுத்திருக்கிறோம். உள்ளீட்டைத் தரவாகவே அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டாக அதை மாற்றிய பிறகுதான் கட்டம் பச்சையானது.

அதோடு முடியவில்லை. அந்தப் பதற்றத்தில் நான்தான், சேவைகளை ஓட்டும் டாக்கர் மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். நிறுத்தும் கட்டளையில் பழக்கதோஷத்தில் 'மைனஸ் வி' சேர்த்துவிட்டேன். அது தரவு இருக்கும் வால்யூமையும் அழித்துவிடும். செக்கர் முந்தைய டிக்கில் வைத்த ஃப்ளாக்குகளைத் தேடி வந்தது, எதுவுமே இல்லை. கட்டம் மறுபடி நிறம் மாறியது. அலுவலகத்தில் இதே வேலையைப் பார்ப்பவள் நான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒரு மாலையில் எங்கள் ஐந்து பேரும் ஒரு அணியானார்கள். ஏன் என்றால் அந்தப் போட்டியில் தனியாக உட்கார முடியாது. ஒருத்தி நெட்வொர்க் போக்குவரத்தை டிசிபிடம்ப்பில் பிடித்து ஒயர்ஷார்க்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மை யாராவது தாக்கி ஃப்ளாக் எடுத்தால், அவர்கள் தாக்கிய முறை முழுவதும் அந்தப் போக்குவரத்திலேயே பதிவாகியிருக்கும். அவள் அதைப் படித்து "ரெண்டாவது சர்வீஸ்ல அட்மின் டோக்கன் வழியா வர்றாங்க" என்று சொல்ல, ஒருவன் அந்த ஓட்டையை அடைக்க, இன்னொருவன் அதே தாக்குதலை எழுதி மற்ற அணிகள் மேல் திருப்பிவிட வேண்டும். நம்மை அடித்தவனிடமிருந்தே அடியைக் கற்றுக்கொள்வது. ஒரு டிக் தாமதமானால் அதன் விலை ஸ்கோர்போர்டில் தெரியும். எங்கள் பர்கூர்ப் பெண் அன்றைக்கு அப்படிப் பிடித்த ஒரே ஒரு தாக்குதலை வைத்துத்தான் கடைசி இரண்டு மணி நேரம் புள்ளி எடுத்தோம். அவளுடைய குரலுக்கு நான்கு பேரும் திரும்பிய அந்த நொடியை நான் ஜெப்பர்டியில் பார்த்ததே இல்லை.

வேலைக்குப் போன பிறகு நான் செய்வதும் இதுதான். ஓட்டையை அடைக்க வேண்டும், ஆனால் சேவை நிற்கக் கூடாது. ஜெப்பர்டி இதைச் சொல்லித் தராது.

இவ்வளவு நல்லது என்றால் நேராக அதற்கே பெயர் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தடை இரண்டு. ஒன்று இணையம். போட்டி நெட்வொர்க்கோடு நம்மை இணைக்கும் விபிஎன் எட்டு மணி நேரத்துக்கு மேல் அறுந்துபோகாமல் நிற்க வேண்டும். ஓட்டையுள்ள சர்வரைச் சில போட்டிகளில் நாமே ஓட்ட வேண்டும்; கிளவுடில் ஒரு நாள் வாடகைக்குச் சில நூறு ரூபாய் ஆகும். இதைச் சமாளித்துவிடலாம்.

இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது. வெளியிலிருந்தே கலந்துகொள்ளக்கூடிய நல்ல அட்டாக்-டிஃபென்ஸ் போட்டிகள் பல ஜெர்மனியில் நடத்தப்படுபவை: எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழக மாணவர்களின் ஃபாஸ்ட் சிடிஎஃப், சார்லாந்து பல்கலைக்கழகத்தின் சார்சிடிஎஃப், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஈனோவார்ஸ். அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு மாலையில் தொடங்கி நடுராத்திரி தாண்டும். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு இரவு வெளியே இருக்க அனுமதி இல்லை. பாலக்கோட்டுக்குக் கடைசி பஸ் போய்விடும். எங்கள் முதல் அட்டாக்-டிஃபென்ஸிலேயே பாலக்கோட்டுப் பெண் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனாள். மீதியைத் தன் வீட்டிலிருந்து மொபைல் நெட்டில், இணைப்பு விட்டு விட்டு வரப் பார்த்தாள். அடுத்த வாரம் அவள் அம்மா என்னிடம், "நீங்க இருக்கீங்கன்னு அனுப்புறேன் மா, ராத்திரி மட்டும் வேணாம்" என்றார். அவர் சொல்வது நியாயம். அணியில் பாதிப்பேர் பாதியில் எழுந்து போக வேண்டிய போட்டியை அணிக்கு நல்லது என்று எப்படிச் சொல்வது? ஜெப்பர்டியில் இந்தச் சிக்கல் இல்லை. 48 மணி நேரத்தில் அவள் தன் பகல்களை எடுத்துக்கொள்வாள்.

கிங் ஆஃப் த ஹில் என்று இன்னொரு வகையும் உண்டு. ஒரே சர்வரைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பல பேர் மோதுவார்கள். வேகம் பழக நல்லது; அணிக்கென்று இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆக, நான் சொல்லும் வரிசை இது. தொடக்கம் பிகோசிடிஎஃப். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்துவது. பள்ளிப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துச் செய்தது. போட்டியே பத்து நாள் போல நடக்கும், பழைய கணக்குகள் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். இரண்டு மாதம் இதிலேயே இருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, டெஃப்கான் இறுதியைப் பலமுறை வென்ற பிபிபி அணியும் அதே பல்கலைக்கழகத்தில் வளர்ந்ததுதான். பிறகு மாதம் ஒரு ஜெப்பர்டி. நம் பக்கத்து நேரத்திலேயே வருவதால் அமிர்தா பல்கலைக்கழகத்தின் பயோஸ் அணி நடத்தும், 2010-இல் தொடங்கிய இன்சிடிஎஃப்பைக் கவனியுங்கள். பள்ளி மாணவர்களுக்குத் தனியாக ஜூனியர் போட்டியும் நடத்துகிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சிசா (CSAW) போட்டியின் இந்திய இறுதியை ஐஐடி கான்பூர் நடத்தியிருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு அது நல்ல இலக்கு. ஆறு மாதம் ஆனதும் அட்டாக்-டிஃபென்ஸ். கடைசி ஆண்டுவரை தள்ளிப்போடாதீர்கள். "இன்னும் கத்துக்கிட்டு அப்புறம் போலாம்" என்று இருந்தால் போகவே மாட்டீர்கள்.

எந்த வகையானாலும் ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. இரண்டாவது மாதத்திலேயே ஒருவன் கேட்டான்: "அக்கா, நம்ம காலேஜ் சைட்ல இதே ஓட்டை இருக்கான்னு சும்மா பாக்கலாமா?" கூடவே கூடாது. அனுமதி இல்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம் வரக்கூடிய குற்றம். போட்டிக்காரர்கள் கொடுத்த சர்வர்தான் களம். களத்தைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள்.

இரவுச் சிக்கலுக்கு நாங்கள் கண்டிருக்கும் வழியைச் சொல்கிறேன். ஃபாஸ்ட் அணியினர் தங்கள் போட்டியை நடத்தும் கேம்சர்வர் மென்பொருளை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், நாலைந்து கேபிள் இருந்தால் இணையமே இல்லாமல் ஒரு அறைக்குள் அட்டாக்-டிஃபென்ஸ் நடத்தலாம். தருமபுரியில் ஒரு கல்லூரி அணியோடும் ஓசூரில் ஒரு அணியோடும் பேசியிருக்கிறோம். ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை நான்குவரை, கிருஷ்ணகிரியில். தருமபுரிக்காரர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்; ஆறு மணிக்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஸ்விட்ச் என்னுடையது. இன்வெர்ட்டர் இருக்கும் அறையாகப் பார்த்தாயிற்று. சேவைகளை எங்கள் பிள்ளைகளே எழுதினால் ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் மூன்று சேவையையும் என் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் எழுதுகிறார்கள், செக்கரை நான் எழுதுகிறேன். என் செக்கர் வைக்கும் வாக்கியங்களில் மேற்கோள் குறி இருக்கும்.

காவேரிப்பட்டணத்துத் தம்பியிடம் போன ஞாயிறு பதில் சொல்லிவிட்டேன். அவன் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: முதல் வரியில் போட்டித் தேதி, இரண்டாவது வரியில் "நிறுத்துறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ் காப்பி எடு", மூன்றாவது வரியில் போக்குவரத்தைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்று. அங்கே பர்கூர்ப் பெண்ணின் பெயர் இருக்கிறது, கீழே கோடு போட்டு.